மிஞ்சிய மெழுகுதிரி

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்கின்ற நாட்களில்தான் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் வெள்ளையடித்துக் கொள்ளும். இறந்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைவுகூரும் நவம்பர் 2 எங்கள் பேச்சில் கல்லறைத் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்பே களை பிடுங்குவோர் ஒருபுறம், சுண்ணாம்பு கரைப்போர் மறுபுறம் என்று தோட்டம் களைகட்டிவிடும். அன்று மாலையில் செவ்வந்திப் பூவின் மணமும் உருகும் மெழுகின் மணமும் கடற்காற்றின் உப்பும் ஒன்றாகக் கலந்து வரும். அந்த மணம் வந்தால், இறந்தவர்கள் நம்மைத் தேடி வந்திருக்கிறார்களோ என்று சிறுவயதில் எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டுக்கு அங்கே நான்கு கல்லறைகள் இருந்தன. பாட்டா, பாட்டி, அப்பா, பிறந்த ஒன்பதாம் நாளில் இறந்துபோன என் தங்கை. அம்மா நான்கு மெழுகுதிரிகள் வாங்குவார். ஒன்று கூடவும் வாங்கமாட்டார், ஒன்று குறையவும் விடமாட்டார். ஆனால் 2018 ஆம் ஆண்டிலிருந்து அம்மா ஐந்து மெழுகுதிரிகள் வாங்கத் தொடங்கினார். நான்கைக் கல்லறைகளில் ஏற்றுவார். ஐந்தாவதை மடியிலேயே வைத்திருந்து வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லை.

ஐந்தாவது மெழுகுதிரி அண்ணனுக்கு உரியது.

எங்கள் ஊர் தேங்காய்ப்பட்டினத்திற்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய கடற்கரையில் இருக்கிறது. அரசாங்கக் கணக்கில் நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம். திருச்சபைக் கணக்கில் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டம். தூத்தூர் வட்டாரம் என்றால் ஆழ்கடல் தொழில் அறிந்தவர்களுக்கு உடனே புரியும். சுறாவையும் சூரையையும் தேடி, தூண்டிலோடு நாள்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள் எங்கள் மக்கள். இலட்சத்தீவுகளைக் கடந்தும் போவார்கள். வடக்கே குசராத்துக் கடல்வரையும் போவார்கள். படகு புறப்பட்டுவிட்டால் அது திரும்பி வரும்வரை வீடு காத்திருக்க வேண்டும். காத்திருத்தல் எங்கள் பெண்களுக்குக் குலத்தொழில் போன்றது.

அப்பா நோயில் இறந்தபோது எனக்கு வயது ஒன்பது, அண்ணனுக்குப் பதினான்கு. அடக்கம் முடிந்த எட்டாம் நாள் அண்ணன் பள்ளிக்குச் செல்லாமல் கடலுக்குச் சென்றார். நான் பள்ளிக்குச் சென்றேன். எங்கள் வீட்டில் அன்று நடந்த பாகப்பிரிவினை அது ஒன்றுதான். அவருடைய உழைப்பில் நான் படித்தேன். ஆசிரியனாகி நாகர்கோவிலில் குடியேறினேன். அண்ணனின் விரல்களில் தூண்டில் கயிறு அறுத்த தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டி வந்தபோது, எழுத்து மறந்துபோன அந்தக் கையை நான்தான் பிடித்துக் கையெழுத்துப் போடப் பழக்கினேன். “நீ என் கையைப் பிடிச்சு எழுது மக்களே, பிறகு நான் தனியாப் போட்டுக்கிறேன்” என்றார். நாற்பது வயதுக்காரர் பெயரின் கடைசி எழுத்தை முடித்ததும் ஒரு குழந்தையைப்போலச் சிரித்தார்.

2017 நவம்பர் 2 அன்று அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடித்தவர் அண்ணன்தான். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் படகேறினார். கிறிஸ்து பிறப்புக்குள் கரைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

நவம்பர் 30, வியாழக்கிழமை. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. முந்தின இரவே தொடங்கிய காற்று விடியும்போது ஓலமாக மாறியிருந்தது. என் வீட்டெதிரே நின்ற பெரிய அயனி மரம் வேரோடு சாய்ந்தது. இரப்பர் தோட்டங்களும் வாழைத் தோட்டங்களும் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் வரிசையாக முறிந்தன. மாவட்டம் நாள்கணக்கில் இருளில் கிடந்தது. அந்தப் புயலுக்கு ஒக்கி என்று பெயர் சூட்டியது வங்கதேசம். வங்க மொழியில் அதற்குக் கண் என்று பொருளாம். கரையில் இருந்த நாங்கள் மரத்தையும் கூரையையும் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், அந்தக் கண் கடலில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாய்ந்த மரங்களை வெட்டி வழி திறக்கத் திறக்க நான் ஊர்போய்ச் சேர்ந்தேன். ஆலய முற்றத்தில் ஊரே அமர்ந்திருந்தது. செபமாலை ஓய்ந்தால் அழுகை, அழுகை ஓய்ந்தால் செபமாலை. பெயர்ப் பட்டியல்கள் எழுதப்பட்டன, அடிக்கப்பட்டன, மீண்டும் எழுதப்பட்டன. சில படகுகள் இலட்சத்தீவுகளில் ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. சில படகுகள் மகாராட்டிரத்தின் தேவ்கட் துறையில் கரைசேர்ந்திருந்தன. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வீடு எழுந்து நின்றது. மற்ற வீடுகள் இன்னும் தாழக் குனிந்தன. எங்கள் வீடு எழுந்து நிற்கவே இல்லை.

டிசம்பர் 3 ஞாயிறு. கோட்டாற்றில் சவேரியார் பெருவிழா. திருவழிபாட்டு ஆண்டில் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. வீட்டுத் தலைவர் மாலையிலோ நள்ளிரவிலோ கோழி கூவும் வேளையிலோ காலையிலோ எப்போது வருவார் என்று தெரியாது, ஆகவே விழித்திருங்கள் என்று ஆண்டவர் சொல்லும் பகுதிதான் அன்றைய நற்செய்தி வாசகம். எத்தனையோ ஆண்டுகள் அதைக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் ஓர் ஆலயம் முழுவதும் அந்த வசனத்தைச் சொல்லுக்குச் சொல் நம்பியிருந்ததைக் கண்டேன். அம்மா அன்றிரவு முதல் வாசற்கதவைத் தாழிடுவதை நிறுத்திவிட்டார்.

கிறிஸ்து பிறப்பு வந்தது, போனது. தவக்காலமும் வந்தது. அடையாளம் தெரியாத உடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உறவினர்களிடம் இரத்தம் எடுத்தார்கள், நானும் கொடுத்தேன். எதனோடும் பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்றதும் அம்மா ஆண்டவருக்கு நன்றி சொன்னார். எனக்கோ நன்றி சொல்லவும் இயலவில்லை, அழவும் இயலவில்லை.

காணாமற்போன ஒருவரைப்பற்றி ஏழாண்டுகள் எவரும் ஒன்றும் கேள்விப்படவில்லையானால் அவர் இறந்தவராகக் கொள்ளப்படுவார் என்பது 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்த நெறி. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதே ஏழாண்டைத்தான் சொல்கிறது. ஒக்கியில் காணாமற்போன மீனவர்களின் குடும்பங்கள் அந்த ஏழாண்டைக் காத்திராமல் 20 இலட்சம் ரூபாய் பெறுவதற்குத் தமிழக அரசு வழி செய்தது. வேண்டியதுதான். படகுக் கடன் நின்றது. அண்ணன் தாமதமாகத் திருமணம் செய்தவராதலால் மகள் அப்போதுதான் செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்தாள். மகன் பத்தாம் வகுப்பில் இருந்தான். மயினிக்குக் கடன்காரர்களுக்குப் பதில் சொல்லவே பொழுது போதவில்லை. ஆனால் உதவியைப் பெற வேண்டுமானால் குடும்பத்தார் தாள்களில் ஒப்பமிட வேண்டியிருந்தது. அந்தத் தாள்களின் சொற்களை எப்படிச் சுற்றி வளைத்துப் படித்தாலும் பொருள் ஒன்றுதான்: இவர் இனி வரமாட்டார்.

மயினி ஒப்பமிட்டார். அடுத்த இடம் என்னுடையது. அம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ கையெழுத்துப் போட்டா அவன் செத்துப்போவான் மக்களே.”

நான் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியன். ஒரு கையெழுத்தினால் யாரும் சாவதில்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆயினும் பேனாவைத் தாளில் வைத்தபோது, என் உள்ளங்கைக்குள் தழும்பேறிய ஒரு கை இருப்பதுபோல் உணர்ந்தேன். எந்தக் கைக்கு எழுத்துப் பழக்கினேனோ, அந்தக் கை இனி இல்லை என்று சாட்சி சொல்வதற்கு என் கை வேண்டியிருந்தது. போட்டேன். பிள்ளைகளின் படிப்புக்காகப் போட்டேன் என்பது உண்மை. காத்திருந்து காத்திருந்து நான் களைத்துப் போயிருந்தேன் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார். பேருந்து கிடைத்ததா என்று கேட்பார். ஆனால் அண்ணனைப்பற்றிப் பேசுவதை என்னிடம் நிறுத்திக்கொண்டார். அந்த வாசலை மட்டும் எனக்குத் தாழிட்டுவிட்டார்.

எங்கள் ஆலயத்தில் திருப்பலிக் கருத்துகளை உபதேசியார் ஒரு குறிப்பேட்டில் எழுதுவார். இறந்தோருக்காக என்று ஒரு பக்கம். நலத்திற்காகவும் நன்றியாகவும் என்று எதிர்ப் பக்கம். மயினி மாதந்தோறும் அண்ணனின் பெயரை இறந்தோர் பக்கத்தில் எழுதினார். அம்மாவும் மாதந்தோறும் காணிக்கை கொடுத்தார். அவர் சொல்லி எழுதச் செய்தது எதிர்ப் பக்கத்தில். “என் மகன் சொகத்துக்கு ஒரு பூசை” என்பார். இருவரும் வேறு வேறு வாரங்களில் கொடுப்பதால் வெகுநாள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிறன்று இரண்டும் ஒரே திருப்பலியில் சேர்ந்து வந்துவிட்டன. பங்குத்தந்தை இறந்தோர் பட்டியலில் அண்ணனின் பெயரை வாசித்தார். பிறகு எதிர்ப் பக்கம் வந்து அதே பெயரை, தந்தை பெயரோடும் வீட்டுப் பெயரோடும், உடல்நலத்துடன் வீடு திரும்ப என்று வாசித்தார்.

ஆலயம் அசையாமல் இருந்தது. மயினி முக்காட்டை முன்னிழுத்துக்கொண்டார். அம்மா நேராக நற்கருணைப் பேழையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். பங்குத்தந்தை ஒரு நொடி நிறுத்தினார். ஏட்டைத் திருத்தவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. திருப்பலியைத் தொடர்ந்தார். பின்னர் உபதேசியார் அவரிடம், “சாமி, இரண்டில் ஒன்றை எடுத்துவிடட்டுமா?” என்று கேட்டாராம். “எதை எடுப்பீர்கள்?” என்று மட்டும் கேட்டாராம் அவர்.

எங்கள் மாவட்டத்துக்குக் கடலின் சாவு புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று, திருக்குடும்பத் திருவிழா ஞாயிறன்று, ஆழிப்பேரலை குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போனது. மணக்குடியில் பாலமே பெயர்ந்து போயிற்று. அன்று இறந்தவர்களை ஒரே குழியில் பலராக அடக்கம் செய்தார்கள். அதைவிடப் பெரிய துயரம் இருக்க முடியாது என்று எண்ணியிருந்தேன். ஆயினும் ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று அந்த இடங்களில் மக்கள் மலர் வைத்து மண்டியிடுவதைக் காணும்போது, 2017க்குப் பின் என் மனத்தில் வேறொன்று தோன்றியது. அவர்களுக்கு மண்டியிட ஓரடி மண் இருக்கிறது. ஒக்கிக் குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. துயரங்களை ஒப்பிடுவது முறையன்று என்று அறிவேன். ஆனாலும் மனம் ஒப்பிட்டது.

அன்னை மரியாவுக்கும் மகனின் உடல் கிடைத்தது, மடியில் கிடத்திக்கொண்டார். ஆனால் மூன்றாம் நாள் விடியற்காலையில் மகதலா மரியா அழுதது எதற்காக என்பதை நான் அதுவரை சரியாகப் படித்ததில்லை. ஆண்டவர் இறந்ததற்காக அல்ல, அவருடைய உடலைக் காணோம் என்பதற்காகத்தான் அவர் கல்லறை வாசலில் நின்று அழுதார். எடுத்துச் சென்ற இடத்தைச் சொன்னால் போதும், நானே தூக்கிக்கொள்வேன் என்று தோட்டக்காரர் என்று எண்ணியவரிடம் மன்றாடினார். உயிர்ப்பின் நற்செய்தி கிடைக்காத உடலுக்கான அழுகையில்தான் தொடங்குகிறது. இதை நான் அம்மாவிடம் சொன்னேன். சொன்ன பின் வெட்கமாயிருந்தது. மகதலா மரியாவை அந்தத் தோட்டத்தில் ஒருவர் பெயர் சொல்லி அழைத்தார். எங்கள் கடற்கரையில் யாரும் அழைக்கவில்லை. அம்மா பதில் சொல்லாமல் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

இன்னொரு நாள், கடல் தன்னிடமுள்ள இறந்தோரை ஒப்புவிக்கும் என்று திருவெளிப்பாட்டில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். அம்மா கவனமாகக் கேட்டார். அடுத்த அதிகாரத்தையும் படி என்றார். அங்கே புதிய வானமும் புதிய பூமியும் வரும்போது கடல் இல்லாமற்போகும் என்று இருக்கிறது. அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “கடல் இல்லாத மோட்சத்தில நமக்கு என்ன மக்களே வேலை?” என்றார். ஓராண்டுக்குப் பின் அன்றுதான் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

2024 ஆம் ஆண்டின் தவக்காலத்தில் அம்மா படுக்கையில் விழுந்தார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரிலேயே தங்கினேன். கடைசி இரவுகளில் கால் குடைகிறது என்பார், விடியும்வரை பிடித்துவிடுவேன். அப்படி ஓர் இரவில் என் வலக்கையைத் தடவி எடுத்துத் தம் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

“கை வலிக்குதா மக்களே?”

“இல்லம்மா.”

“வலிச்சிருக்கும்” என்றார்.

கால் பிடித்ததைச் சொன்னாரா, வேறொன்றைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இரண்டு நாட்களில் நோயில் பூசுதல் பெற்று, அமைதியாக இறந்தார். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அம்மாவின் உடல் குழியில் இறங்கியபோது, ஓர் உடலை மண்ணுக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை முதன்முறையாக உணர்ந்தேன். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். எங்களுக்கு அது வாய்த்தது.

அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தபோது, திருமணப் புடவையின் கீழே ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. உள்ளே ஆறு மெழுகுதிரிகள். 2018 முதல் 2023 வரை, ஆண்டுக்கு ஒன்று. பழையவை மஞ்சளித்து, கடற்கரை வெப்பத்தில் சற்றே வளைந்திருந்தன. ஒன்றின் திரியும் கருகியிருக்கவில்லை. ஏற்றினால் இறந்தவனாவான், வாங்காவிட்டால் மறந்தவளாவாள். இந்த இரண்டுக்கும் இடையில் அந்தத் தாய் ஆறாண்டுகள் நடந்திருக்கிறார்.

அந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முன் அம்மாவுக்குக் கல் பதித்தோம். அண்ணனின் பெயரையும் அதிலேயே பொறிக்கலாம் என்று மயினி சொன்னார். கல்வெட்டுபவர் பிறந்த தேதியைக் கேட்டார், சொன்னோம். இறந்த தேதியைக் கேட்டார். நான் ஒப்பமிட்ட தாளில் ஒரு தேதி உண்டு. அதைத் தாளுக்குக் கொடுத்துவிட்டேன். கல்லுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மயினியைப் பார்த்தேன். “அந்த எடத்த சும்மா விடச் சொல்லுங்க கொழுந்தனே” என்றார். அதுவரை நான் மயினியை நம்பிக்கை இழந்தவர் என்றும் அம்மாவை நம்பிக்கை விடாதவர் என்றும் பிரித்து வைத்திருந்தேன். அந்தப் பிரிவு எவ்வளவு மூடத்தனமானது என்று அப்போது கண்டேன். மாதந்தோறும் இறந்தோர் பக்கத்தில் பெயர் எழுதிய அந்தப் பெண்ணும் கதவைத் தாழிடாமல்தான் உறங்கியிருக்கிறார்.

2024 நவம்பர் 2 மாலையில் ஆறு மெழுகுதிரிகளையும் அம்மாவின் கல்லறைமேல் ஏற்றினோம். காற்று அதிகமாயிருந்தது. வளைந்துபோன ஒன்று மட்டும் நிற்க மறுத்தது. இப்போது செவிலியராகப் பணியாற்றும் அண்ணன் மகள் அதை மணலில் ஊன்றி, அது எரிந்து முடியும்வரை இரு கைகளாலும் காற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “சித்தப்பா, நீங்க போங்க. நான் வாறேன்” என்றாள். ஆனால் யாரும் போகவில்லை.

அம்மாதம் 30 ஆம் நாளோடு சட்டம் சொன்ன ஏழாண்டு நிறைவடைய இருந்தது. அந்நாளின் திருப்பலிக்காக உபதேசியாரிடம் சென்றேன். குறிப்பேட்டை விரித்தார். இறந்தோர் பக்கத்தில் அம்மாவின் பெயரைச் சொன்னேன், எழுதினார். அண்ணனின் பெயர் அங்கே ஏற்கெனவே இருந்தது. மயினி முன்பே வந்து சென்றிருந்தார். எதிர்ப் பக்கத்தைப் பார்த்தேன். ஆறாண்டுகளாக மாதந்தோறும் ஒரு வரி நிறைந்திருந்த இடம் அது. அம்மா போனதிலிருந்து அந்த வரியை எழுதச் சொல்ல ஆள் இல்லை.

ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள் என்று சொல்லிவிட்டு, அவர் இறந்தோரின் கடவுளல்லர், வாழ்வோரின் கடவுள் என்று ஆண்டவர் சதுசேயருக்குப் பதில் கூறியது நினைவுக்கு வந்தது. அவர்முன் எல்லாரும் உயிரோடிருக்கிறார்கள் என்பதுதானே நம் விசுவாசம்? அப்படியானால் அவருடைய ஏட்டில் பக்கம் ஒன்றுதான். இரண்டு பக்கம் தேவைப்படுவது நமக்கு.

“வேறு ஏதாவது உண்டா, சாரே?” என்று உபதேசியார் கேட்டார்.

பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். அவன் செத்துப்போவான் என்று அம்மா அஞ்சிய அதே கையால், எதிர்ப் பக்கத்தில் அண்ணனின் பெயரை எழுதினேன். கடைசி எழுத்தை முடிக்கும்போது, தழும்பேறிய ஒரு கை என் கைக்குள் இருந்தது.